ஒரே தரவு, எதிரெதிர் முடிவுகள்

ஓர் ஆய்வுக் கட்டுரை ஆய்விதழில் அச்சேறும் முன், அதே துறையில் தேர்ந்த இரண்டு மூன்று பேர் அதைப் படித்துக் குறைகளை எடுத்துச் சொல்வதே சக ஆய்வாளர் மதிப்பீடு. மதிப்பிடுபவர் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியாது. இந்த உழைப்புக்குப் பொதுவாக ஊதியமும் கிடையாது. அவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு விடை சொல்லித் திருத்திய பிறகே இதழாசிரியர் கட்டுரையை ஏற்பார். இது பழங்காலந்தொட்டு வரும் கட்டாய விதி அன்று. 'நேச்சர்' இதழே 1973-இல்தான் எல்லாக் கட்டுரைகளுக்கும் இதை வழக்கமாக்கியது.

இந்த மதிப்பீடு எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைப் பரங்கிப்பேட்டைக் கரையில் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் கதிரேசன், ராஜேந்திரனுடன் சேர்ந்து 18 கடலோரக் குப்பங்களை ஆராய்ந்தார். கடலிலிருந்து தள்ளி, மேட்டில் அமைந்த குப்பங்களில் உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைவு. அலையாத்தி முதலிய கரையோரத் தாவரங்களின் பரப்பு கூடக் கூட இழப்பு குறைந்தது. இதுவே அவர்கள் கண்ட முடிவு. மதிப்பீட்டைக் கடந்து, 'எஸ்டுவரைன், கோஸ்டல் அண்ட் ஷெல்ஃப் சயின்ஸ்' இதழில் 2005-இல் கட்டுரை வெளியானது.

மறு ஆண்டே அதே இதழில் மறுப்பு வந்தது. கெர், பெயர்ட், கேம்ப்பெல் மூவரும் முதல் கட்டுரையின் எண்களையே எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். தாவரப் பரப்பு மிகுந்த இடங்களில் குடியிருப்புகள் ஏற்கெனவே தொலைவிலும் மேட்டிலும் இருந்தன. ஒரே தொலைவும் ஒரே உயரமும் கொண்ட குப்பங்களை ஒப்பிட்டால் காட்டின் பங்காகத் தனியே எதுவும் தேறவில்லை என்றார்கள். 2006-இலேயே வெர்மாட், தம்பன்யா இருவரும் அந்தத் தரவை வேறொரு புள்ளியியல் முறையில் அலசி, அலையாத்திக் காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் இழப்பு குறைவே என்று பதில் எழுதினார்கள்.

முதல் மதிப்பீட்டாளர்கள் கடமை தவறினார்கள் என்று இதைக் கொண்டு முடிவு கட்டுவது நியாயமாகாது. கேள்வி சரியானதா, முறை பொருத்தமானதா, முடிவு தரவை மீறிப் போகிறதா என்று பார்ப்பதே அவர்கள் வேலை. கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது அரிது; களத்துக்கு நேரில் போவது அதைவிட அரிது. எனவே அச்சேறிய பிறகும் சோதனை தொடர வேண்டும். கரையோரத்தில் மரம் வளர்ப்பதா, வீடுகளை மேட்டுக்கு மாற்றுவதா என்ற முடிவு மீனவர் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதில் இந்தக் கண்டிப்பு தேவையானதே.

மூன்று தரப்பும் ஒரே எண்களை வைத்து வாதாட முடிந்தது, கதிரேசனும் ராஜேந்திரனும் அவற்றை மறைக்காமல் வெளியிட்டதால்தான். மதிப்பீட்டுக்கு நிகரான சிறப்பு அந்த வெளிப்படைத்தன்மைக்கும் உண்டு. கட்டுரையோடு தரவையும் பொதுவில் வைக்குமாறு இன்று பல ஆய்விதழ்கள் கேட்கின்றன.