உறைந்த ஏரியில் தூண்டில்

மார்கழித் திங்களில் மாதனூர்ப் பக்கத்துச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்த்து முடித்த மாலையில், நெசவுத் தொழிலினரான முதிய உறுப்பினர் ஒருவர் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். கனடாவில் பணிபுரியும் அவருடைய மருமகன் அனுப்பிய படம் அது. எங்கு நோக்கினும் வெண்மையான வெளி. நடுவே கவிழ்த்த வாளியின்மேல் அமர்ந்து குட்டையான தூண்டிற் கோலொன்றைப் பிடித்திருந்தார் மருமகப்பிள்ளை.

“ஏரியே உறைஞ்சு போச்சுன்னா உள்ள இருக்கிற மீன் செத்துப் போவாதா சார்?” என்று பெரியவர் வினவினார். நியாயமான வினாதான். அன்று அவருக்குச் சொன்னதை உறுப்பினர் அனைவருக்குமாகச் சற்று விரித்து எழுதுகிறோம்.

நீர் 4 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் மிகவும் கனமாயிருக்கும். அதனினும் குளிர்ந்தால் இலேசாகி மேலே நிற்கும். ஆகவே மேற்பரப்பே முதலில் உறைகிறது, பனிக்கட்டி மிதக்கிறது. அடியில் மீன்கள் உயிரோடு உலவுகின்றன. குளிரால் சற்று மந்தமாயிருக்கும், அவ்வளவே.

படத்திலிருந்தது சிம்கோ ஏரி. இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் குடியேறியுள்ள டொரண்டோ நகருக்கு வடக்கே, 722 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ளது. குளிர்காலத்தில் அதன்மேல் நடந்து சென்று மீன் பிடிப்பது அந்நாட்டாரின் பெரும் பொழுதுபோக்கு.

நடப்பதற்கு முன் பனியின் கனத்தை அளக்க வேண்டும். கடப்பாரை போன்ற உளிக்கோலால் முன்னே குத்திப் பார்த்தவாறே அடி வைப்பார்கள். தெளிந்த நீலப் பனி 4 அங்குலமாவது இருந்தால்தான் ஓர் ஆள் நடக்கலாம். வெண்பனிக்கு வலிமை பாதியே. இரட்டைக் கனம் வேண்டும். தவறி விழுந்தால் பனியின் விளிம்பைப் பற்றி ஏறுவதற்குக் கூரிய ஆணி பதித்த இரு கைப்பிடிகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். இதில் சோம்பியவர் உயிரிழந்ததுண்டு.

பிறகு தச்சரின் துரப்பணத்தைப் பெரிதாக்கியது போன்ற திருகுக் கருவியால் ஏழெட்டு அங்குல அகலத்தில் துளையிடுவர். துளையில் மீண்டும் படியும் பனித் துகள்களை, நம் வீடுகளில் வடை எடுக்கும் ஜல்லிக் கரண்டியை ஒத்த கரண்டியால் அள்ளுவர். நம்மவர் மூங்கிற் கோல் நீளமாயிருப்பது கரையிலிருந்து ஆழத்தை எட்டுவதற்காக. அங்கே ஆழம் காலடியிலேயே இருப்பதால் இரண்டு மூன்றடிக் கோல் போதும். பளபளக்கும் உலோக இரையைத் தரைவரை இறக்கிச் சிறிது உயர்த்தி, விட்டு விட்டுச் சுண்டுவது ஒரு முறை. சிறு மீனை முள்ளில் கோத்துவிட்டு, துளையின்மேல் கொடி பொருத்திய சட்டத்தை வைத்துக் காத்திருப்பது மற்றொன்று. மீன் கடித்தால் கொடி தானே நிமிரும். குளிர் தாங்க மாட்டாதவர் பனியின்மேல் சிறு குடில் அமைத்து உள்ளே அமர்வர். அக்குடிலையும் பனி இளகுமுன் அகற்றிவிட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

இந்த ஏரியும் ஒருகாலத்தில் நோயுற்றதே. நகரங்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் வந்த பாஸ்பரஸ் நீரில் சேர, பாசி மிகுந்தது. பாசி மடிந்து அடியில் அழுக, ஆழத்துக் குளிர்நீரில் பிராணவாயு குறைந்தது. ஏரி டிரௌட் மீன் தானாகப் பெருகுவது குன்றவே, பண்ணைக் குஞ்சுகளை விட நேர்ந்தது. 2008-இல் ஒண்டாரியோ மாநிலச் சட்டமன்றம் இவ்வோர் ஏரிக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. ஆண்டுக்கு 44 டன்னுக்கு மேல் பாஸ்பரஸ் சேரலாகாது என்று அடுத்த ஆண்டு இலக்கு வகுத்தார்கள். எளிதில் எட்டும் இலக்கு அன்று. எனினும் ஏரியின் நோய்க்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

இதைக் கேட்ட பெரியவர் பாலாற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தார். நமக்கும் அவர் நினைவு புரிந்தது. தோல் பதனிடும் கழிவால் இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு ஆகாமற் போயிற்று என்ற ஆய்வினை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பில் எடுத்துரைத்தது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. நம் உறுப்பினர்களில் தென்னையும் கிணறும் உடையோருக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை. தோல் தொழிலில் கூலி பெறும் குடும்பங்களும் நம் சங்கங்களில் உள்ளன என்பதையும் நாம் மறந்துவிடவில்லை.

2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாறு கரைபுரண்டபோது தூண்டில் போட்டீர்களா என்று கேட்டோம்.

“போட்டேன் சார். கெண்டை நல்லாவே மாட்டுச்சு,” என்றவர், கைப்பேசியை மடியில் செருகிக்கொண்டு, “கொழம்பு வெக்கலாமா வேணாமான்னுதான் வீட்ல ரெண்டு நாளு பேச்சு,” என்றார்.