குலசாமி பெயரைக் கேட்டு வையுங்கள்

கோலா சிலாங்கூர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதன்முறையாகத் தாத்தாவின் ஊரைத் தேடிப் போகும்போது, பலர் கையில் இருப்பது ஓர் ஊர்ப்பெயரும் ‘தென்னாற்காடு ஜில்லா’ என்ற சொல்லும்தான். கோலாலம்பூரில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் திருச்சி. அதற்குப் பிறகுதான் சிரமம். தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் தனி மாவட்டமானது. போதாததற்கு, ஒரே பெயரில் நாலைந்து ஊர்கள்.

அமெரிக்காவில் குடியேறிய சுவீடன்காரர்களின் பேரப்பிள்ளைகள் பூர்விகம் தேடினால் தேவாலயப் பதிவேடு கைகொடுக்கும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பாதிரியார் எழுதி வைக்க வேண்டும் என்று 1686-ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். பட்டாவிலும் சிட்டாவிலும் அவர்கள் பெயர் ஏது? கங்காணி சேர்த்த ஆட்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் தங்கிக் கப்பலேறினார்கள். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடுக்கும்வரை இது நடந்தது. பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனையை வணிகப் பயிராக்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியேயின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் காடழித்துப் பால்மரம் வெட்டிய நம் ஆட்களின் ஊரோ, வீட்டாரின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கிறது.

அந்த நினைவில் மிக உறுதியானது குலசாமி. பல ஊர்களில் இன்றும் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிறார்கள். எந்தப் பங்காளி வகையறா எங்கே போனது என்பது பூசாரிக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியும். “மலேயாவுக்குப் போன வகையறா” என்று ஒரே சொல்லில் அடையாளம் காட்டிவிடுவார்கள். ஊர்ப்பெயர் தப்பிப்போனாலும் சாமியின் பெயரும் எல்லையும் தெரிந்தால் வழி பிறக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். அப்போது போன பெரியப்பாவோ அத்தையோ எழுதிய பழைய கடிதத்தில் தபால், தாலுகாவோடு முழு முகவரி இருக்கும். டிரங்குப் பெட்டியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.

பிள்ளைகளிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேடிப் போகும் வீடு ஊருக்குள் இல்லாமல், சேரியில் இருக்கலாம். எதற்காகக் கடல் கடந்தார்கள் என்பதற்கான பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது. அதை மறைத்துக் கோயிலை மட்டும் காட்டித் திரும்புவது முன்னோருக்குச் செய்யும் அநீதி.

எண்பதைத் தாண்டிய பாட்டி இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்: சாமி பெயர், கங்காணி பெயர், கப்பலேறிய துறைமுகம், கூட வந்தவர்கள். அவருடைய தாய்வீட்டுக் குலசாமியையும் கேளுங்கள். அதை யாரும் கேட்பதில்லை.