ஒரே கார்டில் இரண்டு ஐபி முகவரி: சர்வர் மாற்றுவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

விண்டோஸ் சர்வர் 2016-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவரும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஜனவரி 12-ஆம் தேதியோடு நிற்கின்றன. அச்சகம், பள்ளி, மருந்து மொத்த வியாபாரம், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கெல்லாம் ஒரு மூலையில் அந்த சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறதோ, அங்கெல்லாம் புதியது வாங்கும் பேச்சு நடக்கிறது. விற்பவர்கள் இதைக் ‘காலாவதி’ என்கிறார்கள். மறுநாள் காலையில் எந்த சர்வரும் தானாக நின்றுவிடாது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது என்பதுதான் அதன் பொருள். அதுவே மாற்றுவதற்குப் போதுமான காரணம். அவசரப்பட்டுத் தவறாக மாற்றுவதற்குப் போதுமான காரணம் அல்ல.

இது தொடர்பாக வரும் வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. பில்லிங் மென்பொருள், ஸ்கேன் செய்து கோப்பு அனுப்பும் பிரின்டர், பயோமெட்ரிக் வருகைக் கருவி எல்லாவற்றிலும் பழைய சர்வரின் ஐபி முகவரியையே யாரோ எப்போதோ தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். சிலவற்றின் கடவுச்சொல்கூட யாருக்கும் தெரியாது. “ஒவ்வொன்றாக மாற்ற வேண்டாம். புதிய சர்வரில் அதற்குரிய முகவரி இருக்கட்டும், பழைய முகவரியையும் அதே நெட்வொர்க் கார்டுக்கு இரண்டாவதாகக் கொடுத்துவிடலாம்” என்கிறார் சர்வீஸ்காரர். செய்யலாமா?

செய்யலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் பல காலமாக இருக்கும் வசதி இது. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஐபி முகவரி கார்டுக்குள் இருப்பதில்லை. இயங்குதளம் வைத்திருக்கும் பட்டியலில்தான் இருக்கிறது. இதற்கென்று தனி கார்டு வேண்டும் என்று யாராவது விலைப்பட்டியல் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த யோசனையோடு சேர்த்துச் சொல்லப்படும் இரண்டு வாக்குறுதிகள் மட்டும் நம்பத்தக்கவை அல்ல. வேகம் கூடும் என்பது முதலாவது. ஒரு கிகாபிட் கார்டில் எத்தனை முகவரி வைத்தாலும் அத்தனையும் அந்த ஒரு கிகாபிட்டைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். ‘கணக்குப் பிரிவுக்கு ஒரு முகவரி வரிசை, மற்றவர்களுக்கு வேறு வரிசை, அதனால் இரண்டும் தனித்தனி நெட்வொர்க், பாதுகாப்பானது’ என்பது இரண்டாவது. இது ஆபத்தான நம்பிக்கை. ஒரே சுவிட்சில், ஒரே கேபிளில் ஓடும் இரண்டு முகவரி வரிசைகளுக்கு நடுவே சுவர் எதுவும் கிடையாது. தன் கணினியில் அமைப்பை மாற்றும் அனுமதி உள்ள எவரும் முகவரியைக் கையால் மாற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்குள் நுழைந்துவிடலாம். உண்மையில் பிரிக்க வேண்டுமென்றால் சுவிட்சில் விலேன் எனப்படும் தனித்தனிப் பிரிவுகளைப் போட்டு, நடுவில் ஃபயர்வால் வைக்க வேண்டும்.

ஒரு கார்டு இரண்டு முகவரிக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. கடிதங்களில் வந்த முறையீடுகளில் முக்கால்வாசி அங்கேதான் பிறக்கின்றன.

சாதாரண அலுவலக சுவிட்ச் ஐபி முகவரியைப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது மேக் முகவரி மட்டும். கார்டு தயாராகும்போதே அதில் பதிக்கப்படும் 48 பிட் எண். பில்லிங் கவுன்டரில் உள்ள கணினி 192.168.1.10 என்ற சர்வருக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமானால், அந்த ஐபி எந்த மேக்கிடம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்காக நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வியை விடுகிறது: 192.168.1.10 யாரிடம் இருக்கிறது? அந்த எண்ணைத் தன் பட்டியலில் வைத்திருக்கும் கணினி, ‘என்னிடம், என் மேக் இது’ என்று பதில் தருகிறது. கேட்ட கணினி அதைக் குறித்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. ஏஆர்பி எனப்படும் இந்த ஏற்பாட்டை டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் ஆர்எஃப்சி 826 என்ற ஆவணமாக வெளியிட்டார். ஐபிவி4 ஓடும் ஈதர்நெட், வைஃபை எல்லாம் இன்றும் அதன்படிதான் நடக்கின்றன.

ஒரு மேக்குக்கு ஒரு ஐபிதான் என்று அந்த ஆவணத்தில் எங்குமே இல்லை. 192.168.1.10 யாரிடம் என்றாலும், 192.168.1.20 யாரிடம் என்றாலும் ஒரே கணினி ஒரே மேக்கைச் சொல்லிப் பதில் தரலாம். ஒரு கார்டில் பல முகவரி என்ற வித்தையின் முழு ரகசியமும் இவ்வளவுதான்.

அதே ஆவணத்தில் இதைவிடக் கூர்மையான விதி ஒன்று இருக்கிறது. ஏஆர்பி செய்தி ஒன்று வந்தால், அதை அனுப்பியவரின் ஐபி ஏற்கெனவே தன் குறிப்பில் இருக்கிறதா என்று கணினி முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் செய்தியில் உள்ள மேக்கை உடனே பழையதன் மேல் எழுதிவிட வேண்டும். அந்தச் செய்தி கேள்வியா பதிலா என்று பார்ப்பது கடைசியில்தான். அதாவது, பதிலை யாரும் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. புதிய சர்வர், ‘192.168.1.10 இனி என்னிடம்’ என்று ஒரே ஒரு அறிவிப்பை விட்டால் போதும். அந்த முகவரியைக் குறித்துவைத்திருந்த அத்தனை கணினிகளும் கணப்பொழுதில் புதிய மேக்குக்குத் திரும்பிவிடும்; எந்தக் கணினியிலும் எதையும் தொட வேண்டாம். இரண்டு சர்வர்களை ஜோடியாக ஓட்டி, ஒன்று விழுந்தால் மற்றொன்று சில நொடிகளில் அதன் முகவரியை எடுத்துக்கொள்ளும்படி செய்வார்கள் அல்லவா, அந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இந்த அறிவிப்பை நம்பித்தான் நிற்கின்றன. ஒரு சிறு விதியிலிருந்து இவ்வளவு பெரிய பயன் கிடைத்திருப்பதை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

கவலையும் அதே விதியில்தான் இருக்கிறது. அறிவிப்பு விடுபவர் உண்மையிலேயே அந்த முகவரிக்கு உரியவரா என்று யாரும் கேட்பதில்லை. நிரூபிக்க வழியும் வைக்கப்படவில்லை. வகுப்பில் வராத நண்பனுக்காகப் பின்வரிசையிலிருந்து ‘உள்ளேன் ஐயா’ சொல்வதைப் போல, யார் வேண்டுமானாலும் யாருக்காகவும் குரல் கொடுக்கலாம். வைரஸ் புகுந்த ஒரு லேப்டாப், ‘இந்த அலுவலகத்தின் கேட்வே நான்தான்’ என்று திரும்பத் திரும்ப அறிவித்தால், வெளியே போகும் போக்குவரத்து அதன் வழியாகப் போகத் தொடங்கிவிடும். உங்கள் சர்வீஸ்காரர் நல்ல நோக்கத்தோடு செய்யும் வேலையும், இந்தத் திருட்டும் கேபிளில் ஒரேமாதிரிதான் தெரியும். பொய் அறிவிப்பைத் தடுக்கும் வசதி விலை கூடிய மேனேஜ்டு சுவிட்சுகளில் உண்டு. ஆனால் அவை, கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி வழியாகத் தரப்பட்ட முகவரிகளின் பட்டியலை வைத்துத்தான் உண்மையைச் சரிபார்க்கின்றன. கையால் முகவரி கொடுக்கப்பட்ட சர்வரை அந்தப் பட்டியலில் தனியாகச் சேர்க்க வேண்டும். இரண்டாவது முகவரியையும் சேர்க்க மறந்தால், சுவிட்ச் உங்கள் சொந்த சர்வரையே திருடனாக எண்ணித் தடுத்துவிடும்.

ஏஆர்பி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தபின், கடிதங்களில் இருந்த மர்மங்கள் அவிழ்கின்றன. ‘ஒரு நிமிடம் பில் போடுகிறது, அடுத்த நிமிடம் சர்வர் இல்லை என்கிறது’ என்பது ஒன்று. பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு இயந்திரங்களும் ஒரே முகவரிக்குப் பதில் சொல்ல, கவுன்டர் கணினியின் குறிப்பு மாறி மாறி எழுதப்படுகிறது. இதைத் தடுக்க 2008-இல் ஆர்எஃப்சி 5227 வந்தது. ஒரு முகவரியை எடுத்துக்கொள்வதற்கு முன், அது வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டுப் பார்க்கச் சொல்கிறது அது. கேள்வியே மற்றவர்களின் குறிப்பை மாற்றிவிடக்கூடியது என்பதால், கேட்பவர் தன் ஐபி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம் போட்டுக் கேட்க வேண்டும் என்கிறது. விண்டோஸ் இப்படிச் சோதித்து, மோதல் இருந்தால் எச்சரிக்கும். லினக்ஸில் கட்டளை வழியாக முகவரி சேர்த்தால் கெர்னல் இயல்பாகச் சோதிப்பதும் இல்லை, சேர்த்தபின் அறிவிப்பு விடுவதும் இல்லை. இரண்டையும் ஏஆர்பிங் என்ற சிறு கருவியால் நாமே செய்ய வேண்டும்.

இன்னொரு கடிதம்: ‘அலுவலகத்துக்குள் உடனே வேலை செய்தது, கிளையிலிருந்து மட்டும் மதியம் வரை இணைப்பு இல்லை, பிறகு யாரும் தொடாமலே சரியாகிவிட்டது.’ கிளையின் போக்குவரத்து ரூட்டர் வழியாக வருகிறது. கணினிகள் தங்கள் ஏஆர்பி குறிப்பைச் சீக்கிரமே சரிபார்த்துக்கொள்ளும். சிஸ்கோ ரூட்டர்கள் இயல்பாக 4 மணி நேரம் வைத்திருக்கும். அறிவிப்பு ரூட்டரை எட்டாமல் போயிருந்தால், அது அவ்வளவு நேரமும் அகற்றப்பட்ட சர்வரின் மேக்குக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ரூட்டரில் ஏஆர்பி குறிப்பை அழித்தால் அந்த நொடியே தீரும்.

ஆகவே வரிசை முக்கியம். பழைய சர்வரிலிருந்து நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், அல்லது அதன் முகவரியை மாற்றுங்கள். அந்த முகவரியிலிருந்து எந்தப் பதிலும் வரவில்லை என்று உறுதி செய்தபின் அதைப் புதிய சர்வரில் சேருங்கள். கடைசியாக ரூட்டரைப் பாருங்கள்.

உள்ளே வருவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். வெளியே போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு முகவரி உள்ள சர்வர் தானாக வெளியே தொடர்புகொள்ளும்போது எந்த முகவரியைத் தன்னுடையதாகக் காட்டும்? விண்டோஸில் விஸ்டா, சர்வர் 2008 காலத்திலிருந்து, அடுத்து நிற்கும் ரூட்டரின் எண்ணோடு அதிகமாக ஒத்துப்போகும் முகவரியே தேர்வாகிறது. எது முதலில் கொடுக்கப்பட்டது என்பது பொருட்டல்ல. ஆகவே இரண்டாவதைச் சேர்த்த அன்றே சர்வர் அந்த முகவரியிலிருந்து பேசத் தொடங்கக்கூடும். ஃபயர்வாலில் அனுமதிக்கப்பட்டிருப்பது முதல் முகவரி மட்டும் என்றால் இணைப்பு அறுந்துவிடும். இதற்காகவே பவர்ஷெல்லில் ‘ஸ்கிப் அஸ் சோர்ஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. பழைய முகவரிக்கு அதைப் போட்டுவிட்டால், அது வரும் அழைப்புகளை மட்டும் ஏற்கும். வெளியே போகும் பேச்சுக்குப் பயன்படாது.

பதிவேடுகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது. முகவரி கைமாறிய பிறகு, அந்தப் பதிவில் உள்ள ஒரே எண் குறிப்பிட்ட தேதிக்கு முன் ஓர் இயந்திரத்தையும், பின் வேறோர் இயந்திரத்தையும் குறிக்கும். நாளும் நேரமும் குறித்து ஒரு தாளில் எழுதிவைக்காவிட்டால், பதிவுகளைக் காத்ததன் பயன் பாதி போய்விடும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இரண்டு முகவரிக்கும் தனித்தனி கேட்வே கொடுக்க வேண்டுமா? வேண்டாம், ஒன்று போதும்.

டிஎச்சிபி பட்டியலில் ஏதாவது செய்ய வேண்டுமா? இரண்டு முகவரிகளையும் அதிலிருந்து விலக்குங்கள்.

லினக்ஸில் முதல் முகவரியை நீக்கினால் இரண்டாவது தங்குமா? இரண்டும் ஒரே சப்நெட் என்றால், அமைப்பைப் பொறுத்து இரண்டும் சேர்ந்தே போகலாம். நேரில் நின்று செய்யுங்கள், தொலைவிலிருந்து வேண்டாம்.

சர்வர் கிளவுடில் இருந்தால்? இயங்குதளத்தில் மட்டும் சேர்த்தால் பயனில்லை, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலும் சேர்க்க வேண்டும். அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது.

ஒவ்வொரு வலைத்தளத்துக்கும் தனி ஐபி வேண்டும் என்கிறார்களே? இன்றைய பிரவுசர்களுக்கு அது தேவையில்லை. தளத்தின் பெயரைச் சொல்லியே அவை இணைகின்றன.

ஐபிவி6-இல்? அங்கே ஒரு கார்டுக்குப் பல முகவரி என்பதே இயல்பு.

பழைய முகவரியை எத்தனை காலம் வைத்திருப்பது? கருவிகளை மாற்றி முடிக்கும் வரை மட்டும். யார் இன்னும் பழைய எண்ணைத் தேடி வருகிறார்கள் என்பதை அறிய, சர்வரில் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டி, உள்ளூர் முகவரி வரிசையில் பழைய எண் இருக்கும் வரிகளைப் பாருங்கள். எதிரே அந்தக் கருவிகளின் முகவரி இருக்கும். மாதக் கடைசியில் மட்டும் இணையும் கருவிகளும் உண்டு என்பதால், ஒரு மாதமாவது அவ்வப்போது பார்த்துக் குறித்துவையுங்கள். அந்தக் கருவிகளில் எண்ணுக்குப் பதிலாக சர்வரின் பெயரை எழுதுங்கள். அடுத்த சர்வர் வரும்போது இந்த வேலை இருக்காது.

இந்த ஏற்பாடு தற்காலிகமாக நல்லது; நிரந்தரமாக விட்டுவைத்தால், அடுத்து வருபவருக்கு எது எந்த இயந்திரம் என்றே தெரியாது. புதிய சர்வரைப் பொருத்த வருபவரிடம், பழைய முகவரி எந்தத் தேதியில் நீக்கப்படும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.