குரல் கம்மி மூன்று கிழமை தாண்டினால்

பெருநாள் முடிந்து நாட்கள் போனாலும் தராவீஹ் தொழுவித்த ஹாபிழின் தொண்டை கரகரத்தபடியே இருக்கும். கேட்டால், "தொண்டை கட்டியிருக்கு, மிளகும் கற்கண்டும் போட்டுக் குடிக்கிறேன்" என்பார். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை எங்கும் இதே கதைதான். மோட்டார் சைக்கிளில் மீன் கூவி விற்பவரும், வகுப்பில் கத்திப் படிப்பிக்கும் ரீச்சரும் மாதக்கணக்கில் கம்மிய குரலோடு திரிகிறார்கள். பார்மசியில் கேட்டு வாங்கிய அன்டிபயோட்டிக் இரண்டு தரம் முடிந்திருக்கும். வைத்தியரைக் கண்டிருக்க மாட்டார்கள்.

தடிமனால் வந்த கம்மல் இரண்டு மூன்று கிழமைக்குள் போய்விடும். அதற்கு மேல் நின்றால் குரல்நாணைப் பார்த்தே ஆக வேண்டும். பேசும்போது அது ஆணுக்கு நொடிக்கு 100 தடவைக்கு மேலும் பெண்ணுக்கு 200 தடவையளவும் அதிர்கிறது. ஓயாமல் கத்தினால், மண்வெட்டி பிடித்த கையைப் போல அங்கே காய்ப்பு விழும். அது பெரும்பாலும் பயிற்சியால் அடங்கும். ஆனால் குரல்நாண் புற்றுநோயும் இதே கம்மலோடுதான் தொடங்கும். தொடக்கத்திலேயே பிடிபட்டால் பெரும்பாலும் குணமாக்கலாம். குரலைக் கேட்டு மட்டும் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. சிகரெட் குடிப்பவர் தள்ளிப்போடவே கூடாது.

அடையாள அட்டையோடு காலையிலேயே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ போய் ஓ.பி.டி.யில் துண்டு எடுங்கள். "தொண்டை நோ" என்று மட்டும் சொன்னால், நெரிசலில் பனடோலைத் தந்து அனுப்பிவிடுவார்கள். "குரல் கம்மி இத்தனை கிழமை, ஈ.என்.டி. கிளினிக்குக்கு எழுதித் தாங்க" என்று சொல்லுங்கள். எழுதித் தரும்வரை எழும்ப வேண்டாம். கிளினிக் எந்த நாள் என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தைரொயிட் ஒபரேஷன் செய்தவர் பழைய டயக்னோசிஸ் கார்டையும், முட்டுக்குப் பம்ப் அடிப்பவர் அந்தப் பம்பையும் கொண்டு போகட்டும். இரண்டாலும் குரல் கெடலாம்.

மூக்கு வழியாக மெல்லிய கெமரா விட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. முகம் மூடும் பெண்கள் பலர் இதற்குக் கூச்சப்பட்டே போகாமல் நிற்கிறார்கள். தாயையோ கணவரையோ கூட்டிப் போங்கள், தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கக் கேளுங்கள். அதை மறுக்க நியாயமில்லை.

காய்ப்பென்றால் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள். குரலுக்கு ஓய்வு என்றால் மெடிக்கல் எழுதி வாங்கி அதிபரிடம் கொடுங்கள். வாயால் சொன்ன ஓய்வை எந்தப் பாடசாலையும் கணக்கெடுக்காது. ஓய்வென்று குசுகுசுத்துப் பேசுவதும் குரல்நாணுக்குச் சுமைதான்.

திரும்பவும் சொல்கிறேன்: மூன்று கிழமை. கழுத்தில் கட்டி, சளியில் இரத்தம், விழுங்கக் கஷ்டம் என்றால் அதுவரைகூடப் பொறுக்க வேண்டாம். மூச்சு இழுத்தால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.