நகரம் எழும்போது மணல் எங்கிருந்து வருகிறது?

“கொழும்பில் மாடி கட்டினால் எங்களுக்கு என்ன?” என்று இடம்பெயர்ந்த குடும்பங்களில் உள்ளோர் கேட்பதுண்டு. காணியை விட்டு வந்தவர்களுக்கு நகரத்துக் கட்டடம் தூரத்துக் காரியமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் எந்த நகரமும் அது நிற்கும் இடத்திலே மட்டும் கட்டப்படுவதில்லை. அதன் மணல் ஓரிடத்திலிருந்தும் கல் வேறோரிடத்திலிருந்தும் வருகின்றன. அதன் குப்பை இன்னோரிடத்துக்குப் போகிறது. கொழும்புத் துறைமுக நகரத்தை உதாரணமாகக் கொண்டு இதனைப் பார்ப்போம்.

மணலும் கல்லும்

காலிமுகத்திடலை அடுத்த கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் நிலம் உருவாக்கும் இத்திட்டம் 2014 செப்டெம்பரில் ஆரம்பமானது. 2015 இல் நிறுத்தப்பட்டு, 2016 இல் மீண்டும் தொடங்கி, 2019 ஜனவரியில் நிரப்பும் வேலை முடிவுற்றது. அலுவலகம், வீடு, கடை, விடுதி யாவும் ஒரே இடத்தில் அமையும் வகையில் அது திட்டமிடப்பட்டது.

இதற்குத் தேவைப்பட்ட மணல் ஏறத்தாழ 650 இலட்சம் கன மீற்றர். அது நீர்கொழும்புக்குத் தெற்கேயுள்ள கடலடியிலிருந்து எடுக்கப்பட்டது. மீன் பெருகும் இடங்கள் அழியும், நீர் கலங்கும், கரை அரிக்கும் என்று அஞ்சிய மீனவர் 2016 இல் போராடினர். பின்னர் வாழ்வாதார உதவிக்கு நிதி ஒதுக்கப்பட்டது. எனினும் தோண்டிய கடலடியை நிதியால் நிரப்ப முடியாது.

அலைதடுப்புச் சுவருக்கான கருங்கல் நாட்டின் உட்பகுதியிலுள்ள கற்குவாரிகளிலிருந்து வந்தது. குவாரிக்கு அருகில் வாழ்வது எப்படியென்பது எம்மில் பலருக்குத் தெரியும். வெடியினால் வீட்டுச் சுவர் பிளக்கும். டிப்பர் ஓடும் வீதி பள்ளமாகும். பள்ளிப் பிள்ளைகள் தூசிக்குள் நடப்பர்.

வீதி நெரிசல்

வீடும் தொழிலும் ஒரே இடத்தில் இருந்தால் பயணம் குறையும் என்பது இத்தகைய திட்டங்களுக்குச் சொல்லப்படும் நியாயம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அங்கு வீடு வாங்கக்கூடியவர் யார்? துப்புரவு செய்பவரும், சமைப்பவரும், காவல் காப்பவரும் அங்கு குடியிருக்க முடியாது. அவர்கள் நாள்தோறும் தூரத்திலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வரவேண்டும். துறைமுக நகரத்துக்கு அன்றாடம் வந்து போவோர் இரண்டு இலட்சத்துக்கு மேற்படுவர் எனத் திட்டக்காரரே எதிர்பார்த்தனர். ஏற்கெனவே நெரிசல் மிகுந்த கோட்டைப் பகுதி வீதிகள் இதனை எப்படித் தாங்கும்? களனிப் பாலத்திலிருந்து துறைமுகப் பக்கமாக 5.3 கிலோமீற்றர் உயர்த்தப்பட்ட வீதி திட்டமிடப்பட்டதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம். வீதி போடப் பொதுப் பணம் செலவாகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குப்பையின் கதையும் இதுவே. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே குவிந்தது நகரத்தின் குப்பை. இறந்தவர்கள் அதன் அடிவாரத்தில் வாழ்ந்த ஏழைகள்.

எமக்குள்ள உரிமை

பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டுமென்பது, 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988 இல் செய்யப்பட்ட திருத்தத்தினால் வந்தது. அதன்படி அறிக்கை எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவிக்க வேண்டும். முப்பது நாட்களுக்குள் பொதுமக்கள் எழுத்தில் கருத்துக் கூறலாம். இங்கே கவனிக்க வேண்டியது “பொதுமக்கள்” என்ற சொல். காணி உறுதி உள்ளவர் மட்டும் எழுதலாம் என்று சட்டம் சொல்லவில்லை. முகாமில் இருப்பவரும், உறவினர் வீட்டில் இருப்பவரும் எழுதலாம்.

ஆகவே, உங்கள் ஊரிலோ, நீங்கள் விட்டுவந்த ஊரிலோ ஒரு திட்டம் வருவதாகக் கேள்விப்பட்டால் இவற்றைக் கேளுங்கள்:

1. மணலும் கல்லும் கிரவலும் எங்கிருந்து எடுக்கப்படும்?
2. தண்ணீர் எந்தக் குளத்தினது, எந்தக் கிணற்றினது?
3. லொறிகள் எந்த வீதியால், எந்த நேரத்தில் ஓடும்? பழுதாகும் வீதியை யார் திருத்துவார்?
4. மழை வெள்ளம் எங்கே வடியும்? கழிவு எங்கே போகும்?
5. இழப்பு ஏற்பட்டால் யார், எப்போது பதில் சொல்வார்?

ஆளில்லாத ஊரில் இக்கேள்விகளைக் கேட்க எவருமில்லை. திரும்பிச் செல்லும் நாளில் ஆற்றில் மணலும் கிணற்றில் தண்ணீரும் இருக்க வேண்டுமானால், நாம் தூரத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும். ஐந்து குடும்பங்கள் கூடி ஒரு கடிதம் எழுதுவது நல்ல தொடக்கம். அதன் பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள்.