முழு சீட்டில் அரை டிக்கெட்

“பீடியை விட்டுவிட்டேன் என்று சொல்லும் என் கணவர், மருந்துக் கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கி மெல்கிறார். அதிலும் அதே நிக்கோட்டின்தானே இருக்கிறது? அது எப்படி மருந்தாகும்?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம், புகையிலையை விட நினைக்கும் பெரியவர்களுக்கான சிகிச்சை வழிகாட்டியை முதன்முறையாக வெளியிட்டது. நிக்கோட்டின் மாற்று (சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச் போன்றவை), பியூப்ரோப்பியான், வரெனிக்லின், சைட்டிசின் ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இந்தச் செய்தியைப் படித்த பலரும் சொன்னது, “மனசு வைத்தால் விட்டுவிடலாம், இதற்குப் போய் மருந்தா?” என்பதுதான்.

மனசு வைப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 2016-17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பெரியவர்கள் புகைக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் எந்த உதவியும் இல்லாமல் விட முயல்கிறவர்களில், ஓராண்டு கழித்தும் புகையைத் தொடாமல் இருப்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான். மீதிப் பேரை மனஉறுதி இல்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

மூளையை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்வோம். நரம்பணுக்களின் மேல் இருக்கும் ஏற்பிகள் அதன் சீட்டுகள். நாம் கவனிக்க வேண்டிய சீட்டு வகைக்கு ஆல்பா4 பீட்டா2 என்று பெயர். இந்த சீட்டுக்கு உரிய பயணி அசிட்டைல்கோலின். ஏறுவார், உட்காருவார், டிக்கெட் எடுப்பார், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். இறங்கத் தாமதித்தால் இறக்கிவிட ஒரு நொதி இருக்கிறது. கண்டக்டர் பையில் சேரும் வசூல்தான் டோபமைன். வசூல் நன்றாக இருந்தால் கண்டக்டருக்கு உற்சாகம். “இந்த நடை நல்ல நடை, நாளைக்கும் மறக்காமல் இதே நேரத்துக்கு எடுக்கணும்” என்று டிரைவரிடம் சொல்லிவைப்பார். சாப்பாடும் நட்பும் தாலாட்டும் நம்மைத் திரும்பத் திரும்ப இழுப்பது இப்படித்தான்.

நிக்கோட்டினுக்கு அசிட்டைல்கோலினின் சாயல் உண்டு. அந்தச் சாயலை வைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறிவிடுகிறது. அதுவும் ஒவ்வொருவராக வரிசையில் வருவதில்லை. புகையை இழுத்த 10 முதல் 20 நொடிக்குள், நுரையீரல் வழியாகக் கூட்டம் கூட்டமாக ஏறுகிறது. ஒன்றிரண்டு இழுப்பிலேயே இந்த சீட்டுகளில் பாதி நிறைந்துவிடுகிறது என்றும், ஒரு முழு சிகரெட்டில் 88 விழுக்காட்டுக்கு மேல் நிறைந்துவிடுகிறது என்றும் 2006இல் வெளியான மூளைப் படமெடுப்பு ஆய்வு காட்டியது. எல்லாரும் ஒரே நேரத்தில் டிக்கெட் எடுப்பதால் கண்டக்டர் அதுவரை பார்த்தே இராத வசூல். இந்த நடையை டிரைவர் எப்படி மறப்பார்?

சிக்கல் இனிமேல்தான். நிக்கோட்டினை இறக்கிவிட அந்த நொதியால் முடியாது. ஒருமுறை டிக்கெட் எடுத்துவிட்டு, சீட்டை விடாமல் உட்கார்ந்துகொள்கிறது. சீட்டு மரத்துப்போகிறது, நிறைந்த பஸ்ஸில் வசூல் நின்றுபோகிறது. உட்கார இடம் போதவில்லை என்று நினைத்து மூளை கூடுதல் சீட்டுகளைப் பொருத்துகிறது. பல ஆண்டுகள் புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகள் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பது இதனால்தான். உடலில் இருக்கும் நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரவெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிவிட, விடியும்போது சீட்டுகள் அதிகம், ஆளில்லை, பையில் காசில்லை. கண்டக்டர் படியில் நின்று கத்துகிறார். கண் விழித்ததும் காபிக்கு முன்னால் கை பீடிக்கட்டைத் தேடுவதும், கிடைக்காவிட்டால் எரிச்சலும் கவனச் சிதறலும் வருவதும் இந்தக் கத்தல்தான். அந்தக் காலைத் தம்மில் கிடைப்பது பெரும்பாலும் இன்பமே இல்லை, கத்தல் அடங்கிய நிம்மதி மட்டுமே.

வாசகியின் கேள்விக்குப் பதில் இங்கே கிடைக்கிறது. சூயிங்கத்திலும் பேட்ச்சிலும் இருப்பது அதே நிக்கோட்டின்தான். ஏறும் விதம்தான் வேறு. பேட்ச் நாள் முழுக்க ஒவ்வொருவராக ஏற்றுகிறது. சூயிங்கம் அரை மணி நேரத்தில் சிலரை ஏற்றுகிறது. சீட்டுகள் முழுக்கக் காலியாவதில்லை, கத்தல் தணிகிறது. கூட்டமாக ஏறாததால், டிரைவர் நினைவில் நிற்கும் பெரிய வசூலும் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகைப்பவரை அடிமையாக்குவது நிக்கோட்டின். கொல்வது பெரும்பாலும் புகை. தாரும் கார்பன் மோனாக்சைடும் புற்றுநோய் உண்டாக்கும் பல டஜன் வேதிப்பொருள்களும் சூயிங்கத்தில் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வரெனிக்லினும் சைட்டிசினும் செய்யும் வேலை. இவை அரை டிக்கெட்டுகள். அரை டிக்கெட் வாங்கிய பையன், அம்மா மடியில் உட்காராமல் தனி சீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? கண்டக்டருக்குப் பாதிக் கட்டணம் கிடைக்கும்; ஆனால் சீட்டு முழுதாகப் போய்விடும். இந்த மருந்துகள் ஏற்பியைத் தூண்டுகின்றன, ஆனால் நிக்கோட்டினின் ஏறத்தாழ பாதி அளவுக்கே தூண்டுகின்றன. அந்தப் பாதி வசூல் கண்டக்டரின் கத்தலை அடக்கப் போதும், அடிமையாக்கப் போதாது. அதே நேரத்தில், ஆசை மீறி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால், ஓடிவரும் நிக்கோட்டின் கூட்டத்துக்கு உட்கார இடமில்லை. பையன்கள் நிக்கோட்டினைவிட இறுக்கமாக சீட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். “தம் அடிச்சேன், ஆனா ஒண்ணுமே இல்ல” என்று இதை எடுத்துக்கொள்பவர்கள் சொல்வது அதனால்தான். ஒரே மூலக்கூறு ஏக்கத்தையும் தணிக்கிறது, பரிசையும் பறிக்கிறது.

வரெனிக்லினை எப்படி எடுக்க வேண்டும் என்ற முறையும் இதிலிருந்தே விளங்கும். புகையை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, புகைத்துக்கொண்டிருக்கும்போதே, குறைந்த அளவில் மாத்திரை தொடங்குகிறது. கூட்டம் வருவதற்குள் பையன்கள் இடம் பிடித்தாக வேண்டும். பிறகு 12 வாரம் தொடர வேண்டும். மூளை கூடுதலாகப் பொருத்திய சீட்டுகளைக் கழற்றிப் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மூன்றாம் வாரத்தில் “விட்டாச்சு” என்று மாத்திரையை நிறுத்தினால், பையன்கள் இறங்கிவிடுவார்கள். கூடுதல் சீட்டுகள் மட்டும் அப்படியே காத்திருக்கும்.

பியூப்ரோப்பியான் வழி வேறு. அது மனச்சோர்வு மருந்தாக வந்தது. முக்கியமாக, பையில் விழுந்த வசூலை அலுவலகம் உடனே திரும்ப எடுத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் தங்கவைக்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது.

எந்த மாத்திரையாலும் மாற்ற முடியாதவர் டிரைவர். டீக்கடை, சாப்பிட்ட பிறகு, நண்பர் நீட்டும் பெட்டி என்று இருபது வருடமாக நின்ற நிறுத்தங்களில் அவர் கால் தானாக பிரேக்கை மிதிக்கும். அந்த நிறுத்தங்களை அடையாளம் கண்டு, வழித்தடத்தை மாற்றிக் கொடுப்பதுதான் ஆலோசனையின் வேலை. மருந்து மட்டும் எடுப்பவர்களைவிட மருந்தும் ஆலோசனையும் சேர்த்துப் பெறுபவர்கள் அதிகம் வெற்றி பெறுவதற்குக் காரணம் இதுவே.

கொஞ்சம் வரலாறும் பார்ப்போம். நீருக்குள் புகைக்க முடியாத ஸ்வீடன் நீர்மூழ்கிக் கப்பல் வீரர்கள் புகையிலையை வாயில் அடக்கிச் சமாளிப்பதை, 1967இல் நண்பர் ஒருவர் ஊவே ஃபெர்னோ என்ற மருந்தாய்வாளருக்குக் கடிதத்தில் எழுதினார். அதிலிருந்து பிறந்த நிக்கோட்டின் சூயிங்கம் 1978இல் சுவிட்சர்லாந்தில் அனுமதி பெற்றது. சைட்டிசின் என்பது லாபர்னம் என்ற மஞ்சள் பூ மரத்தின் விதையில் இருக்கும் பொருள். பல்கேரியாவில் 1964 முதல் மாத்திரையாக விற்கப்படுகிறது. அதை மாதிரியாகக் கொண்டு ஃபைசர் நிறுவனம் வரெனிக்லினை உருவாக்கியது. அமெரிக்கா 2006இல் அதற்கு அனுமதி அளித்தது.

இனி விளம்பரங்களைப் பற்றி. 2011இல் வார்சாவில் 740 பேரிடம் செய்த ஆய்வில், ஓராண்டு புகைக்காமல் இருந்தவர்கள் சைட்டிசின் பெற்றவர்களில் 8.4 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2.4 விழுக்காடு. “வெற்றி வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல்!” என்று இதைத் தலைப்பாக்கலாம். “100 பேரில் 92 பேருக்குப் பலனில்லை” என்றும் தலைப்பாக்கலாம். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்பவரை நம்பாதீர்கள். ஆலோசனை அதிகம் இல்லாமல், மலிவான ஒரு மாத்திரை 25 நாளில் 100க்கு 6 பேரைக் கூடுதலாக மீட்கிறது என்பதே சரியான வாசிப்பு. நுரையீரல் புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் செய்யும் செலவோடு ஒப்பிட்டால், இந்த 6 பேர் மிகப் பெரிய லாபம். காப்புரிமைக்கு வாய்ப்பில்லாத தாவரப் பொருள் என்பதால் இதை உலகெங்கும் கொண்டுபோகப் பெரிய நிறுவனங்கள் முதலீடு செய்யவில்லை. மருந்தின் பலனும் மருந்துக்குக் கிடைக்கும் விளம்பரமும் ஒரே அளவில் இருப்பதில்லை.

அச்சத்துக்கும் இதே அளவுகோல் வேண்டும். வரெனிக்லின் தற்கொலை எண்ணத்தைத் தூண்டுகிறது என்ற சந்தேகத்தில் 2009இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை விதிக்கப்பட்டது. பிறகு 16 நாடுகளில், மனநோய் உள்ளவர்களையும் சேர்த்து, 8,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு நடந்தது. 2016இல் வந்த முடிவில், மனநலத் தீங்குகள் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகம் இல்லை; அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. சிகிச்சையின் இறுதி வாரங்கள் தொடங்கி ஆறாம் மாதம் வரை தொடர்ந்து புகைக்காதவர்கள் வரெனிக்லினில் 21.8, பியூப்ரோப்பியானில் 16.2, பேட்ச்சில் 15.7, வெற்று மாத்திரையில் 9.4 விழுக்காடு. வரெனிக்லின் எடுத்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் குமட்டல் வந்தது; வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரோடு எடுத்தால் அது குறையும். விசித்திரக் கனவுகளும் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுக்கக் கூடாது.

நிக்கோட்டின் சூயிங்கம் பலருக்குப் பலிக்காமல் போவதற்குக் காரணம், அதை மிட்டாய் போல மென்றுவிடுவதுதான். சுரீர் என்ற காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். அரை மணி நேரம் இப்படி. விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும், விக்கலும் வரும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு, குளிர்பானம் கூடாது. வேதியியல் பொருளில் நிக்கோட்டின் காரத் தன்மை உடையது. வாயில் அமிலம் சேர்ந்தால் மின்னேற்றம் பெற்றுக் கன்னத் தோலைக் கடக்க முடியாமல் போகும். நாளெல்லாம் ஒரு பேட்ச், ஏக்கம் முற்றும்போது சூயிங்கம் என்று இரண்டையும் சேர்த்தால், ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நல்ல பலன் உண்டு.

காபிக்காரர்களுக்கு ஒரு தகவல். புகையில் உள்ள தார்ப் பொருள்கள், காஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகையை நிறுத்தினால் நொதி தளர்ந்து, அதே அளவு காபியில் ரத்தத்தில் சேரும் காஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். படபடப்பையும் தூக்கமின்மையையும் “பீடி இல்லாததால்” என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்கள், புகையை நிறுத்துவதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அதையும் உடைப்பது இதே நொதிதான்.

“ஏழே நாளில் விடுதலை, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கலாம்” என்ற பொடி விளம்பரங்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். ஒருவருக்குத் தெரியாமல் கொடுப்பது மருந்தே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இ-சிகரெட்டுக்கு மாறலாமா என்றால், அதை இந்தியா 2019இலேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது.

2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்கிறது. நிக்கோட்டின் மாற்று சிகிச்சை 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. பீடி சுற்றும், பீடி குடிக்கும் ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்த மாத்திரை போல இலவசமாகக் கிடைக்க வேண்டும். விட முயன்று தோற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலோர் பலமுறை முயன்ற பிறகே விடுகிறார்கள். அடுத்த முறை மருந்தோடு முயலுங்கள், குறித்த வாரங்கள் முடியும்வரை நிறுத்தாதீர்கள். பீடிக்கட்டிலும் சிகரெட் பெட்டியிலும் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணுக்கு அழைப்புக் கட்டணம் இல்லை.