இரு கால்களும் சமமா?

கொள்ளிடக் கரையில் மாலை வேளைகளில் சிறுவர்கள் கால்பந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோர் வலக்காலால்தான் பந்தை உதைப்பார்கள். அப்போது இடக்கால் சும்மா இருக்கிறதா? இல்லை. உடலின் எடை முழுவதையும் தாங்கி நிற்பது அதுதான். ஒரு கால் வீசப் பழகுகிறது; மற்றது தாங்கப் பழகுகிறது. பல ஆண்டுகள் ஆடும்போது இரு கால்களின் வலிமையில் வேறுபாடு தோன்றுவது இயல்பே.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒற்றைக் காலில் நின்று நேர் மேலே எம்பிக் குதித்து, அதே காலில் இறங்குங்கள். நண்பர் ஒருவர் கைப்பேசியில் அதை மெதுவாக ஓடும் படமாக எடுக்கட்டும். பாதம் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தொடும் வரை உள்ள நேரத்தைக் குறியுங்கள். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமம் என்பதால், அந்நேரத்தின் வர்க்கத்தை 9.8ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் கிடைக்கும். முழங்காலை மடக்கி இறங்கினால் நேரம் பொய்யாகக் கூடிவிடும்; எச்சரிக்கை!

வலக்காலுக்கு 0.40 வினாடி என்றால் உயரம் சுமார் 20 செ.மீ. இடக்காலுக்கு 0.35 வினாடி என்றால் 15 செ.மீ. நேரம் எட்டில் ஒரு பங்கு குறைய, உயரம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது! வர்க்க விதியின் விளைவு இது. ஆகவே ஒரே முறை குதித்து முடிவு கட்டாமல், பல முறை குதித்துச் சராசரி காணுங்கள்.

வேறுபாடு இருந்தால் ஆட்டம் கெடுமா? 10 விழுக்காடு அளவு வேறுபாடு நலமான இளைஞரிடமும் சாதாரணமாகக் காணப்படுவதே. 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடிய உசேன் போல்ட்டின் ஓட்டத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். அவரது வலக்கால் ஏறத்தாழ 13 விழுக்காடு அதிக விசையுடன் தரையைத் தாக்கியது. இடக்காலோ 14 விழுக்காடு அதிக நேரம் தரையில் தங்கியது. நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் விபத்தில் வலக்கால் ஊனமுற்றவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

ஆயினும் வளரும் பருவத்தில் வேறுபாடு திடீரென மிகுந்தாலோ, வலியோடு வந்தாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, பலவீனமான காலுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்தால் போதும். "உன் கால் சரியில்லை" என்று எந்தச் சிறுவனையும் அணியிலிருந்து விலக்க இந்த ஓர் அளவீடு போதாது.